பானையைக் கவிழ்த்தவள்

சான் எலியாஸ் சுரங்கக் குடியிருப்பு
1986 ஆகஸ்ட் 4, திங்கள்

அண்ணி லெயோகாதியாவுக்கு,

இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் யார் செத்தது என்றுதான் கேட்பீர்கள். யாரும் சாகவில்லை. சாகக் கூடாது என்றுதான் எழுதுகிறேன். இரண்டு வருடமாக ஒரு வரி எழுதாதவளுக்கு இப்போது என்ன வந்தது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளத் தோன்றினால், கடைசி வரை படித்துவிட்டுத் திருப்பிக்கொள்ளுங்கள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது சமாதானக் கடிதம் இல்லை. அன்றைக்கு சங்கக் கட்டடத்தில் ஊரே பார்க்க நீங்கள் அந்தப் பானையை உதைத்துக் கவிழ்த்ததை நான் மறக்கவில்லை. ஒன்பது பெண்கள் பத்தொன்பது நாள் பட்டினி கிடந்து ஜெயித்த போராட்டம் அது. வீட்டுக்கு ஒரு பிடி என்று எழுபது வீட்டிலிருந்து இறைச்சியும் கிழங்கும் வந்தன. சமைத்தவர்களில் நானும் ஒருத்தி. இங்கே ஒப்பந்தம் கையெழுத்தானால் மட்டும் போராட்டம் முடிந்துவிடாது, பட்டினி கிடந்தவர்கள் பொதுப் பானையிலிருந்து முதல் கரண்டி வாங்கிச் சாப்பிட்டால்தான் முடிந்தது. அந்தக் கரண்டியை வேண்டாம் என்பது சமைத்த கையைச் சந்தேகப்படுவது. என் அண்ணனைக் கட்டிக்கொண்டு, மருந்தக நர்ஸாக இருபது வருடம் இங்கே வாழ்ந்த உங்களுக்கு இது தெரியாததா?

சரி, பழையதை விடுகிறேன். மருந்தகத்தையும் பண்டகசாலையையும் நிர்வாகம் மூடிவிட்டது. திறக்கச் சொல்லி எங்கள் பெண்கள் பதினான்கு பேர் மறுபடி பட்டினி உட்கார்ந்திருக்கிறார்கள். இன்றோடு பதினொன்றாவது நாள். தண்ணீர், கொக்கா இலைத் தேநீர், வேறொன்றும் கிடையாது. நான் சங்கச் செயலாளர், வெளியே ஓடியாட ஒருத்தி வேண்டும் என்று என்னை உட்கார விடவில்லை. என் இடத்தில் என் மகள் மிர்த்தா உட்கார்ந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பத்தொன்பது வயதுப் பெண்ணை இழுத்துக்கொண்டு வரவா முடியும்? அவள் பிறந்தபோது தலை வெளியே வந்த நிமிடத்திலேயே கையில் ஏந்தியவர் நீங்கள். அவள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்குப் பானையைக் கவிழ்க்கும் முன்னால் ஒரு காகிதத்தை வைத்துக்கொண்டு ஏதோ வாசித்தீர்களே, அது எனக்கு வேண்டும். தாது லாரி ஓட்டும் குமெர்சிந்தோவிடம் கொடுத்தனுப்புங்கள். நீங்கள் வர வேண்டாம். அந்த ஒன்பது பேரில் ஒருத்தியான எவுசேபியாவைக் கொன்றது உங்கள் ஊசிதான் என்று இன்னமும் இங்கே பேசுகிறார்கள். அவள் மகள் நோர்மா இப்போது என் வீட்டில்தான் வளர்கிறாள், பதினாலு வயதாகிறது. உங்கள் பெயரை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

நியேவெஸ்

*

ஒரூரோ
1986 ஆகஸ்ட் 6

நியேவெஸ்,

நான் உதைக்கவில்லை. இரண்டு கையாலும் தள்ளினேன். உதைத்திருந்தால் கால் வெந்திருக்கும், எனக்கு வெந்தது மணிக்கட்டு. அடையாளம் இன்னும் இருக்கிறது. சண்டை போடுவதானால் நடந்ததை வைத்துச் சண்டை போடு.

அந்தக் காகிதம் அன்றைக்கே குழம்போடு குழம்பாகத் தரையில் போய்விட்டது. பரவாயில்லை, அதில் இருந்தது என் தலையிலும் இருக்கிறது. அன்றைக்கு டாக்டர் பாஷையில் வாசித்தேன், ஒருத்திக்கும் விளங்கவில்லை. இப்போது நம் பாஷையில் எழுதுகிறேன்.

சாப்பாடு இல்லாமல் கிடக்கும் உடம்பு சும்மா கிடப்பதில்லை. முதலில் கொழுப்பைத் தின்கிறது, பிறகு சதையைத் தின்கிறது. இதயமும் சதைதான், அதுவும் இளைக்கும். உள்ளே இருக்கிற உப்புச் சத்துக்களெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகத் தீர்ந்துபோகும், ஆனாலும் ஆள் எழுந்து உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பாள். உடம்பு எல்லா வேலையையும் குறைத்துக்கொண்டு இருக்கிறதை வைத்து ஓட்டுகிறது. அந்த நேரத்தில் ஒரு தட்டு நிறையச் சாப்பாடோ, சர்க்கரை போட்ட கஞ்சியோ உள்ளே போனால் நின்றிருந்த வேலையெல்லாம் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். இரத்தத்தில் மிச்சம் இருந்த சத்தை உடம்பு முழுக்க இழுத்துக்கொள்ளும். மூன்று ஷிப்டு ஆட்களும் ஒன்றாகக் குழிக்குள் இறங்கிவிட்டால் மேலே ஆளேற்றும் கூண்டை இழுக்க யார் இருப்பார்கள்? இதயம் அப்படித்தான் தனியாக நிற்கும். கால் வீங்கும், மூச்சு வாங்கும், பேச்சு குழறும், ஒரு நேரம் துடிப்பு நின்றுவிடும். பட்டினியில் பிழைத்தவள் சாப்பாட்டில் போவது இப்படித்தான்.

மிர்த்தா தண்ணீரை நிறுத்தக் கூடாது. தினமும் நாடி பார். கணுக்காலை விரலால் அழுத்திப் பார், குழி விழுந்து நின்றால் எனக்குச் சொல்லியனுப்பு. போராட்டம் முடிகிற அன்று வாயில் எதுவும் போவதற்கு முன்னால் பி-ஒன் ஊசி போட வேண்டும். அது வைட்டமின், விஷம் இல்லை. அரை மணி கழித்து அரைக் குவளைப் பால், தண்ணீர் கலந்து, சர்க்கரை இல்லாமல். மூன்று மணிக்கு ஒரு தடவை அதே அளவு. அடுத்த நாள் இன்னும் கொஞ்சம். ரொட்டி, சோளமாவில் காய்ச்சுகிற அப்பிக் கஞ்சி, இறைச்சி எதுவும் கிட்டே வரக் கூடாது. உப்பும் குறைவாக இருக்கட்டும். ஒரு வாரம், பத்து நாளில் வீட்டுச் சாப்பாட்டுக்கு வரலாம். அதற்குள் யாருக்காவது கால் வீங்கினால், மூச்சு வாங்கினால், உடனே லாரியில் ஏற்றி இங்கே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்துவிடுங்கள்.

இனி என் பங்குக்கு ஒன்று கேட்கிறேன். அன்றைக்கு ஒன்பது பேரையும் மருந்தகத்தில் படுக்க வைத்து இதைத்தான் செய்தேன். எட்டுப் பேர் எழுந்து நடந்தார்கள். எவுசேபியா நாலாம் நாள் போனாள். அதே ஊசி, அதே பால். இரண்டு வருடமாக மறுபடி மறுபடி கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். நான்தான் எங்காவது தப்பு செய்தேனா? இங்கே குழந்தைகள் வார்டில் பால் புட்டி கழுவுகிறேன். நர்ஸ் வேலை தருகிறோம் என்றார்கள், நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஊசியைக் கையில் எடுத்தால் அவள் முகம் வருகிறது. அவளுக்கு வேறு யாராவது ஏதாவது கொடுத்தார்களா நியேவெஸ்? உனக்குத் தெரியாமல் அந்தக் குடியிருப்பில் ஒரு அடுப்பு எரிந்ததில்லை.

லெயோகாதியா

*

சான் எலியாஸ்
ஆகஸ்ட் 9

அண்ணி,

உங்கள் கடிதத்தில் சாப்பாட்டையும் ஊசியையும் பற்றி எழுதியதை மட்டும் கூட்டத்தில் வாசித்தேன், உங்கள் பெயரைச் சொல்லாமல். அரைக் குவளைப் பால் என்றதும் சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. பல்பீனா எழுந்து நின்றாள். உங்களுக்குத் தெரியுமே, பெரிய பானைக்குச் சொந்தக்காரி, கரண்டியை யார் கையிலும் கொடுக்க மாட்டாள். "அரைக் குவளையா? மேனேஜர் ரேஷன்லகூட இதுக்கு மேல குடுப்பானே. ஏண்டி நியேவெஸ், செத்துப் பொழச்சு வர்றவளுகளுக்கு நாம பூனைக்கு ஊத்துற மாதிரி ஊத்தணுமா?" என்றாள். ஊசி என்ற வார்த்தையை எடுத்ததும் சிரிப்பு நின்றுபோனது. எல்லோரும் எவுசேபியாவைத்தான் நினைத்தார்கள் என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கடிதம் யார் எழுதியது என்றும் அப்போதே கண்டுகொண்டார்கள்.

பல்பீனா இரண்டு ஆடு பேசி வைத்திருக்கிறாள். ஒரு மூட்டை சர்க்கரை எங்கிருந்தோ வந்து இறங்கியிருக்கிறது. சண்டையெல்லாம் இல்லை, அன்போடுதான் செய்கிறார்கள். அதனால்தான் என்னால் மறுத்துப் பேச முடியவில்லை.

மிர்த்தாவிடம் தனியாகப் பேசிப் பார்த்தேன். உதடு வெடித்து, கண் பெரிசாகிக் கிடக்கிறாள். "எல்லாரும் பானையில வாங்கிச் சாப்பிடுறப்ப நான் மட்டும் மூஞ்சியத் திருப்பிக்கவா? லெயோகாதியா அத்தைய ஊர் ஒதுக்குன மாதிரி என்னையும் ஒதுக்கணுமாம்மா?" என்று கேட்டாள். அவள் கால்களை அழுத்திப் பார்த்தேன், குழி விழவில்லை. நாடி மெதுவாக அடிக்கிறது, நிமிடத்துக்கு நாற்பத்தெட்டு.

எவுசேபியா விஷயத்தை இப்போது கிளறி என்ன ஆகப் போகிறது? போனவள் போய்விட்டாள்.

நியேவெஸ்

*

ஒரூரோ
ஆகஸ்ட் 11

நியேவெஸ்,

குமெர்சிந்தோ கிளம்புகிற அவசரத்தில் எழுதுகிறேன். பெட்டியில் பி-ஒன் மருந்து முப்பது குப்பி, ஊசிகள், பால் பவுடர் இருக்கின்றன. வார்டு சிஸ்டரிடம் விஷயத்தைச் சொல்லிக் கேட்டு வாங்கினேன். அந்த மலைக் குளிரில் குப்பி உறைந்து வெடித்துவிடாமல் கம்பளிக்குள் வைத்துக்கொள். இருபது நாளைத் தாண்டினால் ஆபத்து இன்னும் கூடும். அங்கே ஊசி போடத் தெரிந்தவர் யாராவது மிச்சம் இருக்கிறார்களா?

நான் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை. கிளறி என்ன ஆகும் என்கிறாய். உன் மகள் அதே பானைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். எவுசேபியா எதனால் போனாள் என்று தெரியாத வரைக்கும் ஒருத்தியும் என் பேச்சைக் கேட்கப் போவதில்லை, உன் பேச்சையும் கேட்கப் போவதில்லை. அதுதான் ஆகும்.

லெயோகாதியா

*

சான் எலியாஸ்
ஆகஸ்ட் 13

அண்ணி,

பெட்டி வந்தது. என் கம்பளிப் பாவாடைக்குள் சுற்றி வைத்திருக்கிறேன். ஊசி போடத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை. மருந்தகத்தோடு அவர்களும் போய்விட்டார்கள்.

மூன்று தாள் எழுதிக் கிழித்துவிட்டேன். இதைக் கிழிக்க மாட்டேன்.

நான்தான் அண்ணி. இரண்டாம் நாள் சாயங்காலம் நீங்கள் துணி மாற்ற வீட்டுக்குப் போனீர்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் எவுசேபியாவைப் பார்க்கப் போயிருந்தேன். மற்றவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அவள் சுவரைப் பார்த்துப் படுத்து அழுதுகொண்டிருந்தாள். "நியேவெஸ், நாம ஜெயிச்சோமா இல்லையாடி? ஜெயிச்சவளுக்கு யாராச்சும் பாலும் தண்ணியும் குடுப்பாங்களா?" என்றாள். எனக்கு மனசு தாங்கவில்லை. உங்கள் மேல் இருந்த கோபமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு ஓடிப்போய் ஒரு சட்டி அப்பிக் கஞ்சி காய்ச்சினேன். சர்க்கரையை அள்ளி அள்ளிப் போட்டேன். நாலு ரொட்டி எடுத்துக்கொண்டேன். அவள் அத்தனையையும் சாப்பிட்டாள். போதும் என்றவளுக்கு, முதல் கரண்டி வாங்கியவள் மறு கரண்டியும் வாங்க வேண்டும் என்று சொல்லி இன்னும் ஊற்றினேன். என் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அன்றைக்கு நான் எவ்வளவு சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன் தெரியுமா?

மறுநாள் அவள் கால் வீங்கியது. அடுத்த நாள் மூச்சு வாங்கியது. நீங்கள் ராப்பகலாக அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து என்னென்னவோ செய்தீர்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளை ஒரூரோவுக்குக் கொண்டு போயிருப்பீர்களோ என்னவோ. சொல்லவில்லை. அவள் போன பிறகு யாரோ எதனால் என்று கேட்டார்கள். ஊசி போட்ட பிறகுதான் இப்படி ஆச்சு என்று முதலில் சொன்னவள் நான்தான். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மற்றதையெல்லாம் ஊர் பார்த்துக்கொண்டது.

வீண் பழி என்று தெரிந்துதான் சொன்னேனா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு எனக்குத் தெரியாது. உங்கள் ஆறாம் தேதிக் கடிதத்தில் மூன்று ஷிப்டு என்று எழுதியதைப் படித்தபோதுதான் முழுக்கத் தெரிந்தது. ஆனால் மனசின் ஏதோ ஒரு மூலையில் எப்போதும் தெரிந்துதான் இருந்தது. இல்லாவிட்டால் நோர்மாவை ஏன் அன்றைக்கே என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன்?

இது உங்களுக்கு மட்டும்தான். கூட்டத்தில் சொல்ல என்னால் முடியாது. நோர்மா என்னை அம்மா என்று கூப்பிட ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது.

நியேவெஸ்

*

ஒரூரோ
ஆகஸ்ட் 14

நியேவெஸ்,

உன் கடிதத்தைப் புட்டி கழுவுகிற தொட்டிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். பிறகு உட்கார்ந்துவிட்டேன். என்னம்மா, உடம்பு சரியில்லையா என்று சிஸ்டர் கேட்டார். நன்றாக இருக்கிறேன் என்றேன். அது பொய்யும் இல்லை. இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஊசியைக் கையில் எடுக்க முடியும் என்று தோன்றியது.

பரவாயில்லை என்று எழுத மாட்டேன். பரவாயில்லை என்று சொல்கிற விஷயமா இது? என் வீடு போனது, வேலை போனது, உன் அண்ணன் கல்லறைக்கு ஒரு பூ வைக்கக்கூட என்னால் வர முடியவில்லை. வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாயே, அதற்காக உன் மேல் எனக்கு ரொம்பக் கோபம் இருக்கிறது. இது சீக்கிரம் போகாது, உனக்குத் தெரிந்திருக்கட்டும்.

ஆனால் ஒன்றை நானும் ஒத்துக்கொள்ள வேண்டும். பானையைத் தள்ளினேனே தவிர, உங்களில் ஒருத்தியைக்கூட உட்கார வைத்து ஏன் என்று நான் சொல்லவில்லை. படித்தவள் சொன்னால் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். நீ கஞ்சி கொண்டு போனது விஷம் என்று தெரிந்தா? பசித்தவளுக்குச் சோறு போடத்தானே போனாய். அந்தப் பங்கு என்னுடையது. மற்றது உன்னுடையது.

இனி காரியத்தைப் பார்ப்போம். பானையோடு சண்டை போட வேண்டாம், நான் போட்டுப் பார்த்துவிட்டேன். பானை இருக்கட்டும். பல்பீனாவே சமைக்கட்டும், கரண்டியும் அவள் கையிலேயே இருக்கட்டும். முதல் நாள் பானையில் பாலும் தண்ணீரும், அவ்வளவுதான். இரண்டாம் நாள் கொஞ்சம் கெட்டியாக, நாலாம் நாள் கிழங்கை மசித்துப் போட்டு, இப்படி ஏறி ஏறி ஆடு பத்தாம் நாள் வரட்டும். ஒரு நாள் விருந்தைப் பத்து நாள் விருந்தாக்கு. எழுபது வீடும் தினமும் வந்து பக்கத்தில் உட்காரட்டும். பத்து நாள் வெற்றி கொண்டாடினவர்கள் சுரங்க வட்டாரத்திலேயே கிடையாது என்று பல்பீனாவிடம் சொல்லிப் பார், அவள் விழுந்துவிடுவாள்.

பால் விஷயத்தில் அவளைச் சம்மதிக்க வைக்கலாம். ஊசிக்குச் சம்மதிக்க வைக்க வேண்டுமென்றால் உன்னிடம் ஒரே ஒரு வழிதான் இருக்கிறது. அது எது என்று நான் எழுத வேண்டியதில்லை. உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டேன். மிர்த்தாவின் பட்டினிக்கு இன்றோடு இருபத்தொன்றாவது நாள்.

நீங்கள் எல்லோரும் கூப்பிடாமல் நான் வர மாட்டேன். கூப்பிட்டால் வருவேன்.

லெயோகாதியா

*

சான் எலியாஸ்
ஆகஸ்ட் 17, ஞாயிறு, மத்தியானம்

அண்ணி,

இன்று காலை பத்து மணிக்குக் கையெழுத்தாகிவிட்டது. லா பாஸிலிருந்து வந்த அரசாங்கக் குழு, பண்டகசாலையைத் திறக்கவும் மருந்தகத்துக்கு ஆள் போடவும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறது. இருபத்து நாலு நாள். வெளியே வெடி வைத்தார்கள். நான் மட்டும் சந்தோஷப்பட நேரமில்லாமல் இருந்தேன்.

நேற்றைய கூட்டத்தில் சொல்லிவிட்டேன். பத்து நாள் விருந்தைப் பற்றி முதலில் பேசினேன். நீங்கள் சொன்னது போலவே பல்பீனாவின் கண் அகலமாகிவிட்டது. பால் என்றதற்குக்கூட மூக்கைச் சுளித்துவிட்டுச் சரி என்றாள். ஊசி என்றபோது பழையபடி எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அப்போது சொன்னேன். நின்றுகொண்டே, கையைக் கட்டிக்கொண்டு. "எவுசேபியா ஊசியால சாகல. ரெண்டாம் நாள் சாயங்காலம் நான் ஒரு சட்டி கஞ்சி கொண்டுபோய் ஊட்டுனேன். அதனாலதான் செத்தா. ஊசின்னு முதல்ல சொன்னதும் நான்தான். லெயோகாதியா மேல ஒரு தப்பும் இல்ல" என்றேன். இவ்வளவுதான்.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நோர்மா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவளிடம் முன்னாலேயே தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். தைரியம் வரவில்லை, அதுவும் என் தப்புதான். அவள் எழுந்து வெளியே போனாள். நான் வீட்டுக்குப் போனபோது அவள் போர்வையும் பள்ளிக்கூடப் பையும் இல்லை. பல்பீனா வீட்டில் இருக்கிறாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. செயலாளர் வேலையை விடுவதாகவும் எழுதிக் கொடுத்துவிட்டேன், வாங்கிக்கொண்டார்கள்.

இப்போது எழுதுவதுதான் முக்கியம். கையெழுத்தானதும் பல்பீனா பானையைக் கொண்டு வந்து நடுவில் வைத்தாள். பால்தான், நீங்கள் சொன்ன அளவுக்குத் தண்ணீர் கலந்து. கரண்டியை எடுத்து முதலில் மிர்த்தாவிடம் நீட்டினாள், வயதில் சின்னவள் என்று. அவள் உட்காரக்கூட முடியாமல் சுவரில் சாய்ந்திருந்தாள். கரண்டியைக் கையால் மெதுவாகத் தள்ளினாள். எனக்கு உயிரே போய்விட்டது. அவள் சொன்னாள்: "முதல்ல ஊசி. ஊசி போட அத்தை வரட்டும். வந்தப்புறம் சாப்பிடுறேன்."

பல்பீனா கரண்டியைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். அடுத்தவளிடம் நீட்டினாள், அவளும் அதையே சொன்னாள். பதினான்கு பேரும் சொல்லிவிட்டார்கள். பல்பீனா பானையை மூடி, பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாள். நீங்கள் வருகிற வரைக்கும் பானையைக் காவல் காக்கப் போகிறாளாம். ஜெயித்த பிறகும் பட்டினி கிடக்கிறார்கள் அண்ணி, உங்களுக்காக. ஊர் கூப்பிடுகிறது, கூட்டத்தில் கை தூக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். வாருங்கள்.

லாரி இப்போதே கிளம்புகிறது, சாயங்காலத்துக்குள் உங்களிடம் வந்துவிடும். அதிலேயே திரும்பி வந்துவிடுங்கள். குமெர்சிந்தோ தாது ஏற்றாமல் வெறும் வண்டியாக வருகிறான், வேகமாகப் போகலாம் என்று. யாராவது ஒருத்தி கூடப் போய் அழைத்து வர வேண்டும், அதுதான் முறை என்றார்கள். நான் எழுந்தேன். எனக்கு முன்னால் ஒருத்தி எழுந்து வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாள்.

இந்தக் கடிதத்தை உங்கள் கையில் கொடுப்பவள் நோர்மா. அவளிடம் நீங்கள் எதையும் விளக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் நான் கூட்டத்தில் சொல்லிவிட்டேன்.

நியேவெஸ்